ஆழ்வாப்பிள்ளையர் விழுங்கிய விற்றமின்

பண்டத்தரிப்பு ஆழ்வாப்பிள்ளை மலாயா றெயில்வேயில் கிளாக்காகச் சேர்ந்து, கிளாக்காகவே பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். ஸ்டேசன் மாஸ்ரர் பதவி தனக்கு வரவேண்டியது, இடையில் எவனோ புகுந்து கெடுத்துவிட்டான் என்பது அவருடைய வாழ்க்கையின் சுருக்கம். விரிவும் அதுதான். பிடிபட்ட எவரும் அதை முழுதாகக் கேட்காமல் வீடு போனதில்லை.

ஊருக்கு வந்ததும் அவருக்கு நித்திரை கெட்டது. றெயில் சத்தம் கேட்காமல் கண் மூடவில்லையாம். மனைவி கமலாவதிக்கு வேறு அபிப்பிராயம்.

"மத்தியானச் சோறு திண்டிட்டு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சாய்மனைக் கதிரையிலை குறட்டை விட்டால், பிறகு இரவிலை எங்கை நித்திரை வரும்?"

பென்சன்காரரின் நோயை இவ்வளவு மலிவாகக் குணப்படுத்திவிட முடியுமா? கோட்டும் தலைப்பாகையும் அணிந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு பஸ் ஏறினார். அங்கே தனியாக மருந்துக்கடை வைத்திருந்த அப்போதிக்கரி பிலிப்பு, அந்தக் காலத்தில் எல்லா நோய்க்கும் ஒரே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: விற்றமின் போதாது. முதலில் ஒரு போத்தல் மீனெண்ணெயை எடுத்து வைத்தார்.

ஆழ்வாப்பிள்ளை பின்வாங்கினார். "நான் சைவம். மச்சம் வாயிலை வைக்கிறேல்லை."

"அப்ப இந்தக் குளிசையைப் போடுங்கோ. பாண் புளிக்க வைக்கிற ஈஸ்ற்றிலையிருந்து எடுத்த விற்றமின். சுத்த சைவம்."

"நித்திரை வருமோ?"

"விற்றமினாலை வராதது ஒண்டுமில்லை, ஐயா."

அந்த வாக்கியத்தைப் பிலிப்பு கவனமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். நித்திரை வந்ததோ இல்லையோ, கனவு வந்தது. அதுவும் சும்மா கனவா? முன்பு கண்டதெல்லாம் மழையில் நனைந்த படம்போல இருக்கும். இப்போது நிறம், மணம், சத்தம் எல்லாம் துலக்கமாக வந்தன. மலாயாவின் ஈப்போ ஸ்டேசனில் தங்கப்பொத்தான் கோட்டுடன் ஆழ்வாப்பிள்ளை நிற்கிறார். அவர் பச்சைக்கொடி அசைக்காமல் ஒரு றெயிலும் நகரவில்லை. பழைய மேலதிகாரி வெள்ளைக்காரன், ரிக்கற் இல்லாமல் பிடிபட்டுக் கை பிசைகிறான்.

விடிந்ததும் அடுப்படி வாசலில் நின்று அத்தனையையும் சொன்னார். கமலாவதி அடுப்பை ஊதியபடியே, "கனவு கண்டனீங்களெண்டால் நித்திரையும் கொண்டிருக்கிறியள். பிறகென்ன?" என்றாள்.

குறுகிய புத்திக்காரி என்று அவருக்குப் பட்டது. அதன்பின் முருங்கையிலையும் தவிடு போகாத கைக்குத்தரிசியும் அவர் கண்ணுக்கு மாட்டுத் தீவனமாகத் தெரிந்தன. விற்றமின் என்றால் போத்தலில் வரவேண்டும், போத்தலில் இங்கிலீசில் எழுதியிருக்க வேண்டும்.

கனவு கண்டால் மட்டும் போதுமா, மெச்ச ஆள் வேண்டாமா? பக்கத்து வளவுப் புகையிலைத் தோட்டக்காரர் சீவரத்தினம் வேலிக்கு மேலால் தலையை நீட்டித் தினமும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைக்குப் பரிசாக ஆழ்வாப்பிள்ளை ஒரு கை நிறையக் குளிசையை அள்ளிக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே தாராளம் அது.

சில நாட்களில் சீவரத்தினம் வேலிக்குமேல் தலையை நீட்டினார். முகம் கனத்திருந்தது.

"ஐயா வந்தவர்."

"எந்த ஐயா?"

"என்ரை ஐயாதான். செத்தவர். வேலி போடுற கதியாலும் கையுமா வந்து நிண்டார். உங்கடை கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கு அங்காலைதான் எங்கடை எல்லையாம்."

"விசர்க் கதை கதையாதையும். கனவிலை சொன்னதெல்லாம் ஒரு கணக்கே?"

"அப்ப நீங்கள் ஸ்டேசன் மாஸ்ரர் ஆனது?"

அடுத்த நாள் விடியும்போது வேலி மாமரத்தைத் தாண்டி நடந்திருந்தது. காய்த்துத் தொங்கிய மாங்காய்கள் எல்லாம் சீவரத்தினத்தின் வளவுக்குள்.

யாழ்ப்பாணத்து மனிதனுக்கு இனி வேறு வழியில்லை. வழக்குப் பேசும் புறக்டர் இராசநாயகத்தைப் பிடித்து வழக்கு வைத்தார். நீதிமன்றத்தில் இராசநாயகம் சீவரத்தினத்தைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"எல்லை அங்கைதான் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"என்ரை ஐயா."

"எப்ப?"

"போன மாசம்."

"உம்முடைய ஐயா எப்ப செத்தவர்?"

சீவரத்தினம் சத்தியவாதி. ஐயா செத்தது, பின்பு வந்தது, வருவதற்கு எதிர்க்கட்சிக்காரரே குளிசை தந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நீதிபதிக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளையைக் கூண்டில் ஏற்றி, அதே குளிசையைப் போட்டு அவர் என்ன கனவு கண்டார் என்று விசாரித்தார். சத்தியம் செய்தாயிற்று, என்ன செய்வது? தங்கப்பொத்தான் கோட்டு, பச்சைக்கொடி, வெள்ளைக்காரனின் கைபிசைவு எல்லாம் ஒவ்வொன்றாக நீதிமன்றப் பதிவில் ஏறின. மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் இருமினார். முழுவதையும் கேட்டு முடித்த நீதிபதி, "ஸ்டேசன் மாஸ்ரர் இனி இறங்கலாம்" என்றார்.

மன்றமே சிரித்தது. ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. விழித்திருக்கும்போது ஒருவர் தன்னை அப்படி அழைத்தது அதுதான் முதல்தடவை. படியிறங்கும்போது தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

தீர்ப்பின்படி வேலி பழைய இடத்துக்குத் திரும்பியது. மாங்காய் திரும்பவில்லை. ஊர்ப் பெடியங்கள் நக்கலாக "ஸ்டேசன் மாஸ்ரர்" என்று கூப்பிட, அவர் மறுப்புச் சொல்லாமல் திரும்பிப் பார்த்தார். பிறகு உலகச் சண்டை மூண்டு, கப்பல்கள் வேறு சாமான் ஏற்றத் தொடங்கின. பிலிப்புவின் அலுமாரி வெறுமையானது. குளிசை நின்றதும் ஈப்போவும் நின்றது. ஆழ்வாப்பிள்ளை மரக்கட்டைபோல நித்திரை கொண்டார். விடிய எழும்பிச் சொல்ல ஒன்றுமில்லாமல் முகம் தொங்கிப்போனார்.

ஒரு நாள் சீவரத்தினம் வெட்கத்தோடு படலையடிக்கு வந்தார். "அண்ணை, குளிசை ஏதும் மிச்சமிருக்கே? ஐயா மற்றப்பக்கத்து வேலியைப் பற்றியும் ஏதோ சொல்லத் தொடங்கினவர். முடிக்கேல்லை."

"இல்லை" என்றார் ஆழ்வாப்பிள்ளை. உள்ளே போத்தலின் அடியில் ஒன்று கிடந்தது. ஸ்டேசனுக்குக் கடைசியாக ஒருதரம் போய்வர வைத்திருந்தார். அன்று படுக்கும்போது அதையும் விழுங்கினார்.

விடிய அவர் அடுப்படிக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது, தொண்டை கட்டியிருந்தது. கமலாவதி கோப்பியை நீட்டி, "ஈப்போவிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்டாள்.

"ஈப்போவுக்கு எங்கை போகவிட்டாங்கள்? இரவு முழுக்க உவன் சீவரத்தினத்தின்ரை அப்பனோடை வேலியடியிலை சண்டை."

"ஆர் வெண்டது?"

"இன்னொரு நாளைக்குத் தவணை போட்டிருக்கு" என்றார் ஆழ்வாப்பிள்ளை.