செவிட்டு நாயோடு மணப்பாடு வரை

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் காது சரியில்லை. ஒருவர் என் வீட்டுக்காரர். ராணுவத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று அவருடைய இடது காது போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும், அவருக்கு வேண்டியதை மட்டும். இன்னொன்று நாய். ராஜபாளையம் நாய்களில் வெள்ளை வெளேரென்று பிறக்கும் குட்டிகளில் சில செவிடாகவே பிறந்துவிடும். அப்படி ஒரு குட்டியை வாங்க ஆள் வராது என்று வளர்த்தவர் சும்மா கொடுக்க, ஓய்வு பெற்று வந்த புதிதில் இவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பேர் எதுவும் வைக்கவில்லை. கேட்காத காதுக்குப் பேர் எதுக்கு என்றார்.

அதைக் கூப்பிட ஒரே வழி, தரையை ஓங்கி மிதிப்பது. சிமெண்ட் தரையில் அந்த அதிர்வு எந்த மூலைக்கும் போய்விடும், நாய் எழுந்து வந்துவிடும். விரலை மடக்கிக் காட்டினால் கிட்டே வரும். உள்ளங்கையைக் கீழே காட்டினால் அப்படியே படுத்துக்கொள்ளும். இதையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து அவர்தான் பழக்கினார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. சாப்பாடு ஆனதும் அடுப்படியில் நின்று ஒரு மிதி மிதிப்பேன். நாயும் வரும், அவரும் வருவார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் லீவில் வருவார், போவார். நான் காத்திருப்பேன். ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகாவது வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். பேசத்தான் செய்தார், நாயிடம். சாயங்காலம் புறவாசல் படியில் அதைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தணிந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பாத்திரம் விளக்குகிற சாக்கில் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். அதற்குக் கேட்காது என்பதால்தான் அதனிடம் பேசுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன ஆடியில் ஒருநாள் பரணிலிருந்து பழைய ராணுவப் பையை இறக்கி வெயிலில் உதறினார். கடற்கரை ஓரமாக நடக்கப் போகிறாராம். திருச்செந்தூரில் இறங்கி, பையை முதுகில் போட்டுக்கொண்டு, மணப்பாடு வரைக்கும் தண்ணீரை ஒட்டியே நடை.

"நடக்கதுக்கு இங்க எடமா இல்ல? பிளவக்கல் இருக்கு, செண்பகத்தோப்பு இருக்கு" என்றேன்.

"மலைய அம்புட்டும் ஏறி எறங்கியாச்சு. சொமந்துட்டுப் போறதுன்னா எப்பவும் மலைதான். கடலோரமா ஒரு தடவ போவோம். நீயும் வா."

நீயும் வா என்று அவர் சொன்னது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. நாய் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அது வலது காதில் விழவில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு ஊர் உலகமெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் மட்டும் வெளியே கிளம்பினோம். நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். வத்திராயிருப்பிலிருந்து திருச்செந்தூருக்குத் தேங்காய் ஏற்றிப்போகிற வேன் ஒன்று கிடைத்தது. முன்னால் நாங்களும், பின்னால் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் நாயும். மடவார் வளாகம் தாண்டும்போது தெரிந்தவர் ஒருவர் பையையும் நாயையும் பார்த்து, மறுபடியும் பட்டாளத்துக்கா என்று கேட்டார். ஆமாம், இந்த முறை என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றேன்.

திருச்செந்தூர்க் கூட்டத்தைத் தாண்டித் தெற்கே இறங்கியதும் கரை காலியாகிவிட்டது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணல் மேடு, அதற்கு அப்பால் பனையும் உடைமரமும். மணல் முழுக்க அடும்புக்கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது. மலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, பார்வைக்குத் தடையாக ஒன்றுமே இல்லாமல் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது. ஈர மணலில் நடந்தால் கால் வலிக்கவில்லை. அவர் முன்னால் போவார், நாய் அவருக்கு முன்னால், நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில்.

வெள்ளை நாய்க்கு வெயில் ஆகாது. மூக்கு ரோஸ் நிறம், சீக்கிரம் வெந்துபோகும். வழியில் நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து அதன் மூக்கில் தேங்காய் எண்ணெய் தடவினார். என் மூக்கும் வெயிலில்தான் இருந்தது. அதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எண்ணெய்ப் பாட்டிலை என் பக்கம் நீட்டினார். அன்று ராத்திரி குலசேகரப்பட்டினத்தில் தங்கினோம். விடுதிக்காரரிடம் நாய் சத்தமே போடாது என்று சத்தியம் செய்து அறை வாங்கினார். அவருக்குத் தெரியும், அது குரைத்தால் ஊரே எழுந்துவிடும். நல்லவேளை, களைப்பில் தூங்கிவிட்டது.

மறுநாள் காலை மணப்பாட்டுக்கு நடந்தோம். தூரத்தில் மணல் குன்றும் அதன் உச்சியில் சர்ச்சும் தெரிந்தன. கரையில் மனித நடமாட்டமே இல்லை. ஓடட்டும் என்று நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டார். வேண்டாம் என்றேன். அதுவும் காதில் விழவில்லை.

அந்த மணலில் ராவணன் மீசை என்று ஒரு புல் உண்டு. காய்ந்ததும் அதன் முள்ளுக்கொத்து உருண்டையாகக் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டு ஓடும். ஆடிக் காற்று தெற்கிலிருந்து கரையோடு அடித்துக்கொண்டிருந்தது. ஓர் உருண்டை எங்களைத் தாண்டி, வந்த வழியே வடக்காக ஓடிற்று. முயல் விரட்டப் பிறந்த சாதி சும்மா இருக்குமா? ஒரே பாய்ச்சல். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மேட்டைத் தாண்டிவிட்டது.

இவர் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நான் பழக்க தோஷத்தில் காலை ஓங்கி மிதித்தேன். கணுக்கால் வரை மணலுக்குள் போயிற்று, அவ்வளவுதான். மறுபடி மிதித்தேன். வெள்ளை மணலில் வெள்ளை நாய் எங்கே தெரியப்போகிறது. நான் வடக்கே கரையோரமாகவும் அவர் உடைமரங்களுக்குள்ளும் தேடினோம். ஒரு திருப்பத்தில் அவரும் என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். கத்திப் பார்த்தேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நாயைக் காணோம் என்றேன். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா" என்றார்.

"பேரும் கெடையாது, காதும் கெடையாதும்மா."

"பொறவு எப்படி வரும்?"

அப்போதுதான் பயம் பிடித்தது. நாய்க்காக மட்டும் இல்லை. அது போய்விட்டால் இந்த மனிதர் சாயங்காலம் யாரிடம் பேசுவார்? புறவாசல் படியில் தனியாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே.

யோசித்துப் பார்த்தேன். காது கேட்காத நாய் கண்ணால்தான் ஆளைத் தேடும். ஊரிலும் பத்தடி ஓடினால் ஒரு தடவை திரும்பி, ஆள் விட்ட இடத்தில் நிற்கிறாரா என்று பார்க்கும். அது கடைசியாக எங்களை விட்ட இடம் அந்தப் பை கிடக்கிற இடம். அங்கே இப்போது யாரும் இல்லை. ஓடி ஓடித் தேடிக்கொண்டிருந்த நாங்கள்தான் தொலைந்துபோயிருந்தோம்.

அவரைக் கண்டுபிடித்தபோது சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. "ஏட்டி, அங்கிட்டுப் பாத்தியா?" என்றார்.

"இங்கேருங்க, தேடுனது போதும். வாங்க, பை கெடக்க எடத்துல போய் உக்காருவோம். நம்ம வாசத்தயும் காத்து அங்கிட்டுத்தான கொண்டு போகுது. அது வரும்."

"எப்படிச் சும்மா உக்கார முடியும்?"

"எனக்குத் தெரியும் எப்படின்னு. நான் உங்களுக்கு அப்படித்தான உக்காந்துருந்தேன்."

கூடவே வந்தார். பை போட்ட இடத்திலேயே கிடந்தது. அவர் அதன் முன்னால் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். நான் அவருடைய வலது காதுப் பக்கம், வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. அவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். காத்திருப்பதில் அவர் வெறும் கற்றுக்குட்டி.

கொஞ்ச நேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். பனி மலையில் இருந்தபோது சாமான் சுமக்க அவர்கள் படையில் கோவேறு கழுதைகள் இருந்தனவாம். ஒன்றை இவர் கையில் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு பனிக்காற்று நாளில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கூடாரத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. கூடார வாசலில் உட்கார்ந்து காத்திருந்தாராம்.

"அது பக்கத்துலயே நின்னு கத்தியிருக்கும்ட்டி. காலைல காலடித் தடம் கூடாரத்த ஒட்டியே கெடந்துச்சு. எனக்கு அந்தப் பக்கத்துக் காது அப்பவே போயிருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல. சொன்னா கீழ அனுப்பிருவாங்க."

அந்த வருஷம் அவர் லீவில் வந்தது எனக்கு நினைவு இருந்தது. இடது பக்கம் நின்று பேசினால் பதில் சொல்லமாட்டார். நான் கோபம் என்று நினைத்து, நானும் பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லீவு முழுக்க வீணாக்கினேன். அதை நினைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். அவருக்குப் பின்னால் மணல் மேட்டின் மேல் நாய் நின்றது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் முள்ளோடு, எங்களையே பார்த்தது. பிறகு இறங்கி ஓடி வந்தது. அதன் காலடிச் சத்தம் மணலில் யாருக்கும் கேட்காது.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கழுதை ரொட்டியை எப்படிக் கையிலிருந்து வாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாய் அவர் முதுகை நோக்கி வந்தது. நான் உள்ளங்கையைக் கீழே காட்டினேன். அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. வந்துவிட்டது என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காது கேட்கிற ஒருத்தியிடம் அவர் முதல்முறையாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்காமல் அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுவும் அப்படித்தான் போயிருச்சு போல" என்றார்.

மணலில் மிதித்துப் பிரயோஜனமில்லை. கையை நீட்டி அவர் தோளைத் தொட்டேன்.