தவம் அண்ணையின்ரை கை

கரப்பந்தாட்ட நடுவரை ஏணியிலை ஏத்தி நிக்க வைக்கிறது மரியாதைக்கு எண்டு நினைக்காதேங்கோ, எல்லாரும் வசதியாய்ப் பாத்து ஏசுறதுக்குத்தான். விசில் ஊதி, வீட்டுப் படலை வரைக்கும் ஏச்சு வாங்கிக்கொண்டு சைக்கிள் மிதிச்ச சகபாடிகளே, இது உங்களுக்கு.

விரல் நுனி

பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுக்கொண்டு, பின்னேரங்களிலை நான் ஊதத் தொடங்கின புதுசு. கோப்பாயிலை ஒரு மட்ச். உரும்பிராயிலை மரம் அரிஞ்சு விக்கிற மரக்காலை வைச்சிருக்கிற தவராசா, ஊருக்கெல்லாம் தவம் அண்ணை, அண்டைக்கு விளையாடினார். அவர் அடிக்க எழும்பினால் எதிர்ப்பக்கம் பந்தை விட்டிட்டு அவரைத்தான் பாத்துக்கொண்டு நிக்கும். அப்பிடி ஒரு எழும்பல்.

எதிராளி அடிச்ச பந்து அவரைத் தாண்டி வெளியிலை விழுந்தது. ஆரிலும் படேல்லை எண்டு அவரின்ரை அணிக்குப் புள்ளி குடுத்தன். அவர் கையை உயர்த்தி, விரல் நுனியிலை பட்டது எண்டார். புள்ளியை மாத்தினன். அவரின்ரை ஆக்கள் அவரை விட்டிட்டு என்னைப் பிடிச்சினம். ஒருத்தர் வேலிக்கு அங்காலை நிண்டு கேட்டார்: "வாத்தியார், அவருக்குத் தெரிஞ்சது உமக்கேன் தெரியேல்லை?"

வாங்க வந்தவர்

வெளிநாட்டுக் காசிலை ஓடுற கழகம் ஒண்டு அவரை இழுக்கப் பாத்தது. தலைவர் துணைக்கு என்னையும் மரக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தவம் அண்ணை தேத்தண்ணி தந்து, எல்லாத்தையும் பொறுமையாய்க் கேட்டார். காசுக்கு மரம் அரியிறது காணும், பின்னேரத்தை என்ரை ஆசைக்கு விடுங்கோ எண்டிட்டார். ஒழுங்கைக்கு வந்தாப்பிறகு தலைவர் பெருமூச்சு விட்டார்: "உந்தாளை வாங்கவும் ஏலாது, வெல்லவும் ஏலாது."

அச்சுவேலிப் பைனல்

அச்சுவேலிக் கிண்ணம் மட்டும் அவரின்ரை கைக்கு வரவேயில்லை. முழங்கால் நோவோடை, இதுதான் கடைசி எண்டு சொல்லிப்போட்டு இறங்கினார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கிண்ணம். எதிராளி அடிச்சது வெளியிலை விழ, நான் அவரின்ரை பக்கம் கை காட்டினன். சனம் உள்ளுக்கை ஓடி வந்திட்டுது.

அதுக்கு நடுவிலை ஒரு கை நேராய் நிண்டது. ஐயோ மனிசா, இண்டைக்கு மட்டும் இறக்கனப்பா எண்டு மனதுக்குள்ளை கெஞ்சினன். கை இறங்கேல்லை. அந்தப் புள்ளியோடை கிண்ணமும் போச்சு. ஏணியாலை இறங்கேக்கை எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அவர் வந்து முதுகிலை தட்டினார்: "நீர் சரியாத்தான் ஊதினீர் தம்பி, எனக்குத்தான் விரல் கொஞ்சம் நீண்டுபோச்சு."

"சேர், தவம்"

இப்ப எங்கடை பக்கத்துக் கிறவுண்டுகளிலை, பந்து பட்டவை தாங்களாய்க் கை உயர்த்தினால் அதுக்குப் பேர் தவம். "தவம் குடு" எண்டு பாக்க வந்த சனமே கத்தும்.

போன மாதம் அதே அச்சுவேலியிலை பெண்கள் பைனல். இக்கட்டான நேரத்திலை கோப்பாய்ப் பிள்ளையளின்ரை கப்டன் ஏணியிலை நிண்ட என்னைப் பாத்துக் கை உயர்த்தி "சேர், தவம்" எண்டா. அந்தப் புள்ளி போச்சு, ஆனால் பிறகு வெண்டிட்டினம். கிண்ணம் குடுக்கக் கூப்பிட்டது தவம் அண்ணையை. அச்சுவேலிக் கிண்ணம் ஒண்டை அவர் முதன்முதலாய்த் தூக்கினது, இன்னொரு ஆளிட்டைக் குடுக்கத்தான்.

"பிள்ளை, இவர்தான் தவம்" எண்டன். அவ அவரை மேலையும் கீழையும் பாத்தா: "தவம் எண்டது ஒரு ஆளோ சேர்? நான் அது சட்டம் எண்டெல்லோ நினைச்சனான்."

இவ்வளவு காலமும் ஏணியிலை நிண்டு விசில் ஊதினது நான், சட்டம் போட்டது கீழை நிண்ட மனிசன்.