பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்றைக்குத்தான், தான் ஆடிட்டர் ஆகிவிட்ட செய்தி இளவழகனுக்கே தெரிந்தது. அவன் பெயருக்குப் பின்னால் 'பி.காம்., சி.ஏ.,' என்று தங்க மையில் போட்டிருந்தது. மணமகள் செம்மொழிக்கு எம்.காம்., எம்.ஃபில்., பி.எட். என்று வரி நிறையப் பட்டங்கள். எங்கள் பக்கம் சி.ஏ. என்பது இரண்டே எழுத்தானாலும் எடை இங்கேதான் அதிகம் என்று அவன் அப்பா இராஜாங்கத்துக்குத் தலைகால் புரியாத பெருமை.

"அப்பா, நான் இன்னும் சி.ஏ. முடிக்கலப்பா. இப்படிப் போடக் கூடாது."

"முடிக்கப் போறவன்தானே? கதிர் வந்த வயலைப் பார்த்து யாராச்சும் நாத்தங்கால்னு சொல்லுவாங்களா?"

அதற்குள் பத்திரிகையை ஊரெல்லாம் கொடுக்க ஆரம்பித்தாகிவிட்டது.

ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் அது. இராஜாங்கத்தின் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்து நட்டவர். இராஜாங்கம் குத்தகைக்கு எடுத்து, பிறகு கொஞ்சம் சொந்தமாகவும் வாங்கினார். பையன் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து வணிகவியல் வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னார். "டிகிரி வீட்டுக்கு ரெண்டு கிடக்கு. சி.ஏ. தாலுகாவுக்கு ஒண்ணு இருந்தா அதிகம்." சொன்னவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவன் இளவழகன்.

கூடப் படித்த வெற்றிசெல்வன் கல்லூரிக்குப் போனான். பஸ் படிக்கட்டில் தொங்கினான், அரியர் வைத்தான், எப்படியோ எம்.பி.ஏ. வரைக்கும் தேறிவிட்டான். இளவழகனோ தபாலில் பி.காம். படித்துக்கொண்டே தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். "காசு கட்டினா கழுதைக்கும் பட்டம் குடுப்பாங்கடா, எங்க பரீட்சை அப்படியில்ல" என்று நண்பனைச் சீண்டாத நாள் கிடையாது. இப்போது வெற்றிசெல்வன் திருச்சியில் ஒரு நிதி நிறுவனத்துக்குக் கிளை மேலாளர். இளவழகன் அவனைச் சீண்டுவதை நிறுத்தி வெகு காலமாகிறது.

இந்தப் படிப்பின் கொடுமையே அதுதான். பட்டப்படிப்பில் தட்டுத்தடுமாறி வந்தாலும் கடைசியில் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும். சி.ஏ.வில் கடைசிப் படி ஏறும்வரை ஏறியதெல்லாம் கணக்கிலேயே வராது. பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே இருப்பான்? கிணற்றுக்குள்தான். இளவழகன் இறுதித் தேர்வின் இரண்டு பாடத் தொகுதிகளில் ஒரு குரூப்பைத் தாண்டிவிட்டான். இன்னொன்று ஒவ்வொரு முறையும் சொற்ப மதிப்பெண்ணில் காலை வாரியது. எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டான். ஊரில் மட்டும் அவன் என்றோ ஆடிட்டர். டீக்கடையில் அவனைக் கண்டால் பெரியவர்களே எழுந்து நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அவனுக்கு முள்மேல் உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. கூத்தாநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் மீரா உசேனுக்கு இவன்தான் ஆண்டாண்டாகக் கணக்குத் தணிக்கைக்குப் போய் வருகிறவன். கல்யாண வேலைகளுக்கு நடுவே ஒருநாள் அவர் கேட்டார்.

"தம்பி, எழுத்து யாருக்கு வேணும்? எனக்கு வேலை தெரிஞ்ச ஆளு வேணும். வந்து மேனேஜரா உக்காருங்க. ஆனா பரீட்சை கிரீட்சைன்னு லீவு கேக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

இளவழகனுக்கு அந்த வேலை வேண்டும். அழுதுவிடலாம்போல வேண்டும். புத்தகத்தைக் கட்டி மேலே போட்டுவிட்டு, மற்ற மனிதர்களைப்போலச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு தின்று தூங்க வேண்டும். அப்பாவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. எங்கள் ஊரின் முதல் ஆடிட்டர் என்று பிளெக்ஸ் அடிக்க இளைஞர்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் செம்மொழியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். யோக்கியன் என்பதால் மட்டுமல்ல. அவள் கோபப்பட்டுக் கல்யாணத்தை நிறுத்தினால் பொய் உடையும், பொய் உடைந்தால் பரீட்சையும் ஒழியும், ஆலைக்குப் போய்விடலாம். வெட்கங்கெட்ட ஆசைதான். ஆனாலும் ஆசை.

முகூர்த்தப் புடவை எடுக்கத் தஞ்சாவூர் ஜவுளிக்கடைக்கு இரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். பெரியவர்கள் பட்டு மாடியில் ஜரிகை பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் படிக்கட்டின் ஓரம் நின்றார்கள்.

"ஒண்ணு சொல்லணுங்க. நான் சி.ஏ. இல்ல. இன்னும் ஒரு குரூப் நிக்குது. இனிமே எழுதுறதாவும் இல்ல. கூத்தாநல்லூர்ல ஒரு அரிசி மில்லுல கூப்பிடுறாங்க, போயிடலாம்னு இருக்கேன். உங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

செம்மொழி அதிரவில்லை. "சி.ஏ. முடிக்கலன்னு தெரியுங்க. பத்திரிகை வந்தப்பவே இன்டர்நெட்ல தேடிப் பார்த்தேன். சி.ஏ. முடிச்சவங்க மெம்பர் லிஸ்ட்ல உங்க பேரு இல்ல."

"உங்க அப்பாகிட்ட சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? நான் மூணு பட்டம் வாங்கிட்டுத் தனியார் பள்ளிக்கூடத்துல வாங்குற சம்பளத்தைச் சொன்னா இந்தக் கடையில துணி மடிக்கிற பொண்ணு சிரிக்கும். எனக்கும் சி.ஏ. ஆசை இருந்துச்சு. பொண்ணுக்கு டிகிரி போதும்னுட்டாங்க." அவள் கண் கலங்கியது. குரல் மட்டும் உறுதியாக வந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமாங்க? மில்லெல்லாம் வேண்டாம். என் சம்பளத்துல சமாளிச்சுக்கலாம். விடியக்காலம் நான் எழுப்பி விடுறேன், கூடவே உக்காந்து நோட்ஸ் எடுத்துத் தர்றேன். அப்புறம் எப்படி ஃபெயிலாவீங்கன்னு பார்ப்போம்."

அவள் திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஏமாற்றுக்காரன் என்று செருப்பைக் கழற்றியிருந்தால்கூடப் பிழைத்திருப்பான். அவளோ அத்தனை அன்பாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதற எந்த ஆணுக்கு மனசு வரும்? அப்பா கட்டிய தளையையாவது என்றைக்காவது அறுக்கலாம் என்று நினைத்திருந்தான். இது வேறு கட்டு.

சட்டைப் பையில் போன் அடித்தது. மீரா உசேன்.

"என்ன தம்பி, என்ன முடிவு பண்ணுனீங்க?"

செம்மொழி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையோரம் இரண்டு நரை விழுந்த மாப்பிள்ளை போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க பாய்," என்றான். "எனக்குப் பரீட்சை இருக்கு."