மலாக்கிக்காகப் பூட்டாத கதவு

பெர்னடெட் வீட்டுப் பின்கதவு எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அதன் இரும்புக் கொண்டி மெல்ல எழும்பி விழும். கதவு திறக்காது, யாரும் உள்ளே வரவும் மாட்டார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால் அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, "மலாக்கி வந்துட்டார். விளக்கைப் போடுடி" என்பாள். மழை வருகிறது, துணியை எடு என்கிற மாதிரிதான் சொல்வாள்.

அமெரிக்காவின் பஃபலோ நகரத்து முதல் வார்டில் எல்லோருக்கும் மலாக்கி கின்னேனைத் தெரியும். அயர்லாந்தின் கிளேரில் பிறந்து, இங்கே கப்பலிலிருந்து கோதுமை அள்ளிக் கொட்டும் வேலைக்கு வந்தவர். ஒரு டிசம்பர் காலை, துறைமுகத்தில் குளிர்காலத்துக்குக் கட்டிப்போட்டிருந்த கப்பலுக்குக் குறுக்குவழியாக உறைந்த ஏரிமேல் நடந்து போனார். பனிக்கட்டி உடைந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அவரைக் கண்டுபிடிக்கவில்லை. புறப்படும்போது ஒன்பது வயது மகள் பெர்னடெட்டிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "பின்கதவைப் பூட்டிடாதே கண்ணு, என்கிட்ட சாவி இல்ல."

அவள் பூட்டவில்லை. அவள் அம்மா, "உடம்பைக் காட்டுங்க, அப்புறம் நம்பறேன்" என்று சொல்லிவிட்டதால், இழவு வீட்டுக்குரிய எதுவும் நடக்கவில்லை. பூசையும் இல்லை, கல்லறையும் இல்லை. அந்த அம்மாளும் இறந்த பிறகு கதவு பெர்னடெட்டின் பொறுப்பாயிற்று. தேனிலவுக்கு நயாகராவுக்குப் போனவள் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டாள். கணவன் வால்ட் போலந்துக்காரர் குடும்பம், நல்ல மனிதன். "உங்க அப்பா இருக்கிற வீட்டுல எனக்கு இடம் பத்தல, பெர்னி" என்று சொல்லிவிட்டு ஒருநாள் போய்விட்டான். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறி மகன் டெர்மட்டை வளர்த்தாள். ஓர் இரவுகூட அவள் வேறு கூரையின் கீழ் தூங்கியதில்லை.

நான் பல வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, சென்ற இலையுதிர்காலத்தில் திரும்பியபோது அவளுக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது. கையில் தேநீர்க் கோப்பையோடு வேலிக்கு வந்தாள்.

"வந்தியாடி ஊர்சுத்தி. எத்தனை தேசம் பார்த்தே?"

"கணக்கு விட்டுப்போச்சு ஆன்ட்டி."

"பாஸ்போர்ட்டு வாங்கறதுல நீ கெட்டிக்காரியாச்சே. உள்ள வா. டெர்மட் தலையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

டெர்மட்டின் மூன்று வயது மகள் தன் தாயோடு கிளேரில் இருக்கிறாள். சுற்றுலாப் பயணியாகப் போனால் மூன்று மாதம், அதற்குமேல் இருக்க முடியாது. குழந்தை அவனை 'ஏர்போர்ட் அப்பா' என்று கூப்பிடுகிறாளாம். தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால் அவன் அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாம், பாஸ்போர்ட் கிடைக்கும், மகள் பக்கத்திலேயே இருக்கலாம். மலாக்கியின் பிறப்புச் சான்றிதழ் கிளேரிலிருந்து வந்துவிட்டது. கேட்டவற்றில் ஒன்று மட்டும் இல்லை: அவருடைய இறப்புச் சான்றிதழ்.

"இருந்தா அடையாள அட்டை, இல்லேன்னா இறப்புச் சான்றிதழ். ரெண்டுல ஒண்ணு வேணுமாம்" என்றான் டெர்மட். "என் தாத்தா ரெண்டுலயும் சேராத ஆளு."

பெர்னடெட் சிரிக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் அவள்தான் சத்தியம் செய்ய வேண்டும். "என் வாயால எங்கப்பனைக் கொல்லச் சொல்றாங்க" என்றாள். பிறகு மேசைமேல் இருந்த பேத்தியின் படத்தை எடுத்துக் கவுனில் துடைத்தாள். "சரி, செய்யறேன்."

லோம்பார்டி என்ற இளம் வக்கீல் கிடைத்தான். மலாக்கியைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இரண்டு பேர், அந்த டிசம்பருக்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றான். சுலபமான வேலை. அவன் எங்கள் தெருவில் வளர்ந்தவன் இல்லை.

ஃப்ரான்சி டூஹியின் மதுக்கடையில் உட்கார்ந்தோம். ஃப்ரான்சி எண்பது வயதுக்காரர், பையனாக மலாக்கியோடு கோதுமை அள்ளியவர். தாளை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னால முடியாது பெர்னி."

"ஏன் சார்?" என்றான் வக்கீல்.

"போன நவம்பர்ல ஓஹையோ தெருப் பாலத்துல பார்த்தேனே. தொப்பி சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு."

"வேற யாரையாவது பார்த்திருப்பீங்க."

"தம்பி, அந்த ஆளு முதுகுக்குப் பின்னாடி ஆறு வருஷம் வேலை செஞ்சிருக்கேன். முதுகு தெரியாதா எனக்கு?"

மூலையில் இருந்த மிஸஸ் லானிகன் குரல் கொடுத்தாள். "நான் சந்துல பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தி. பைபிள்ல கை வெச்சுப் பார்க்கலைன்னு சொன்னா எனக்கு நரகந்தான்."

லோம்பார்டி நெற்றியைத் தேய்த்தான். "செத்தவங்களைப் பார்த்ததெல்லாம் இதுல வராதுங்க."

"செத்துட்டார்னு உனக்கு யார் சொன்னா?" என்றார் ஃப்ரான்சி. "இழவு நடக்கல, ஜெபமாலை சொல்லல, ஆவி வெளியே போக ஜன்னல் திறந்து விடல. வழியனுப்பாத ஆளை எப்படிச் செத்தவர்னு எழுதறது?"

டெர்மட் தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பெர்னடெட் கேட்டாள்: "வழியனுப்பிட்டா?"

ஃப்ரான்சி யோசித்தார். "அப்படின்னா நாங்க பார்த்தது செத்த மனுஷனை. உயிரோட பார்க்கலைன்னு தாராளமா சத்தியம் பண்ணலாம்."

"அது போதும்" என்றான் லோம்பார்டி அவசரமாக.

சனிக்கிழமை பகலில் பெர்னடெட் இழவு வைத்தாள். முன்னறைக் கட்டிலில் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை கோட்டு சூட்டை ஆளைப்போல விரித்தாள். கைகள் வர வேண்டிய இடத்தில் ஜெபமாலை. கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடிகளைத் துணியால் மூடினோம். பன்றித் தொடைக்கறி, சோடா ரொட்டி, விஸ்கி எல்லாம் தெருக்காரர்கள் கொண்டுவந்தார்கள். காற்றில் தானிய ஆலையின் வறுத்த ஓட்ஸ் வாசனை. ஏரியைப் பார்த்த ஜன்னலை அவளே திறந்தாள். குறுக்கே யாரும் நிற்காமல் விலகி நின்றோம். குளிர் உள்ளே வந்தது. சூட்டின் ஒரு கை ஓரம் மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவர் திரும்பி வந்துவிடாதபடி, ஜன்னலை மூடினாள்.

ஃப்ரான்சிதான் முதலில் கட்டிலருகே மண்டியிட்டு எழுந்து அவள் கையைப் பிடித்தார். "உனக்கு இப்படி ஆனதுக்கு ரொம்ப வருத்தப்படறேன் பெர்னி."

இழவு வீட்டில் எல்லோரும் சொல்வது. ஆனால் அவளிடம் அதை யாரும் அதுவரை சொன்னதில்லை. பெரிய சத்தத்தோடு, ஒன்பது வயதுப் பிள்ளை அழுவதுபோல் அழுதாள்.

சாட்சிகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நீதிபதி அவளிடம், கடைசியாக உயிரோடு எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். "வேலைக்குக் கிளம்பினப்போ" என்றாள். "கதவைப் பூட்டாதேன்னு சொன்னார்."

சான்றிதழ் மார்ச்சில் வந்தது. டெர்மட் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு டப்ளினுக்கு அனுப்பப் போயிருந்தான். பெர்னடெட் என்னைக் கூப்பிட்டாள். புதுப் பூட்டு வாங்கிப் பின்கதவில் போட்டிருந்தாள். சாவியைத் திருப்பினாள். இரண்டு பேரும் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்தோம். தேநீர் ஆறிப்போயிற்று.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தபோது கொண்டி எழும்பியது. விழுந்தது. இத்தனை வருடமும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். இப்போது மறுபடி எழும்பியது, கொஞ்சம் வேகமாக. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காருடி" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். கதவைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, உங்களுக்குச் சாவி இல்லைன்னு தெரியும். எல்லாம் முறையாச் செஞ்சாச்சு. டெர்மட் உங்க ஊருக்குத்தான் போறான். நீங்களும் போங்க."

கொண்டி விழவில்லை. எழும்பியபடியே நின்றது, யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல. பிறகு மெல்ல, சத்தமே இல்லாமல் இறங்கியது.

பெர்னடெட் விளக்கைப் போட்டாள். "காத்து" என்றாள். அவள் சத்தியம் செய்திருக்கிறாள், அப்படித்தான் சொல்ல முடியும். ஃப்ரான்சியும் மிஸஸ் லானிகனும் அப்படித்தான் சொல்வார்கள். நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அன்று காற்றே இல்லை.