சிவப்புப் பூசிய பஸ்கா

நாலு புத்தகம் படித்தவன் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு நானே சாட்சி.

பெரிய வியாழன் ஜெபத்தை நடத்துவதற்காக, தில்லியில் கூலிவேலை செய்யும் தமிழர்களின் குடிசைப் பகுதிக்கு முன்கூட்டியே போயிருந்தேன். இயேசுவின் கடைசி இராவுணவு யூதர்களின் பஸ்கா விருந்துதான் என்று விளக்க ஆசை. எகிப்தில் கதவுநிலைகளில் ஆட்டு ரத்தம் பூசிய யூத வீடுகளைச் சாவு தொடாமல் கடந்துபோன நினைவே பஸ்கா. எனவே, வேலைக்குப் போனவர்கள் திரும்புமுன் எல்லாக் கதவுநிலைகளிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், சந்தில் எல்லோரும் வேலையிலிருந்து வந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டுவேலை செய்யும் செல்வி பாத்திரங்களைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இடிக்கிறதுக்குக் கதவுல செவப்பு போட்டுட்டாங்க சார். போன தடவையும் இப்படித்தான், விடிஞ்சதும் புல்டோசர் வந்துச்சு." கூரையிலிருந்தவரிடம் திரும்பி, "அண்ணா, ஜல்தி கழட்டுங்க" என்று அவசரப்படுத்தினாள்.

என் விரல்களில் பெயிண்ட் காயவில்லை. கையை நீட்டிக் காட்டி, பஸ்காவை விளக்கத்தான் நான் பூசினேன் என்று கதையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை; கூரையிலிருந்தவர் கழற்றிய தகரத்தை மறுபடி மாட்டத் தொடங்கினார்.

அந்த எகிப்து இரவில் கதவுக்குள் காத்திருந்தவர்களின் முகத்தை எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை. செல்வியின் முகத்தில் பார்த்தேன்.

மண்ணெண்ணெய் தொட்டு நிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"நல்லாப் புரிஞ்சுது சார். அடுத்த வருஷம் வாயால சொன்னாலே போதும்."