அவசரமில்லை என்று எழுதச் சொன்னவர்

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த சைபர் கஃபேக்கு டாக்சிக்காரர் ஒருவர் ஒரு வாரம் விடாமல் வந்தார். ஓட்ட டாக்சி இல்லை. பழைய வண்டிக்கு வயதாகிவிட்டதென்று அதிகாரிகள் அதை ரோட்டில் விடாமல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வெள்ளை யூனிபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் வருவார். வெள்ளிக்கிழமைக்குள் புதுக் கார் வாங்கிப் பதியாவிட்டால் பெர்மிட்டும் போய்விடும்.

கார் ஷோரூம்காரர்களிடம் ஈமெயிலில் பேரம் பேசினால் விலை இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். "அவசரம் ஒன்னும் இல்லன்னு போடும்மா. வேற ஷோரூம்ல கொறைச்சுத் தரான்னு போடு."

அனுப்பியதும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. வாசலில் இருந்த, காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசிக்கு ஓடுவார். "பாஸ், லெட்டர் வந்துச்சா? சீக்கிரம் பாருங்க லா. என்ன, அவசரமாவா? ஆமா பாஸ், வெள்ளிக்கிழமை பெர்மிட் போயிடும்." கதவு மூடியிருந்தாலும் எனக்குக் கேட்கும்.

விலை குறையாது என்றுதான் பதில் வரும். வியாழக்கிழமையும் அப்படியே வந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறானுங்க?" திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கதானே அங்கிள் போன்ல சொல்றீங்க?"

"லெட்டர்ல என்ன வேணா போடலாம்மா. அவசரமான்னு ஒரு ஆள் வாய்விட்டுக் கேக்கறப்போ, இல்லன்னு எப்படிச் சொல்றது?"



நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொருத்தனுக்கு எழுதும்மா. அவசரம் இல்லன்னு போடு."

அவர் கை அதற்குள் பையில் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தது.