பளபளப்பா, பட்டா

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்தபோது, இந்த ஊரில் எது விற்காதோ அதைத்தான் பார்த்துப் பார்த்து வாங்கி அடுக்கினார். இதை அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். "விக்கிறதை விக்கிறதுக்கு நான் எதுக்கு?" என்பார்.

அவருக்கு மாகறல் பக்கம். விவசாயக் குடும்பம். மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோவில் கொஞ்ச வருஷம் படம் கழுவுகிற இருட்டறை வேலை பார்த்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு இங்கே வந்து கடை போட்டார். நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். போட்டோகாரருக்கு என்னைக் கொடுத்ததில் சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் செய்கிற வேலை நல்ல வேலையாக இருக்குமா என்று எங்கள் பெரியப்பா கேட்டார். நல்ல கேள்விதான். யாரிடமும் பதில் இல்லாததால் கல்யாணம் நடந்துவிட்டது.

கடையில் அவர் உள்ளே, நான் வெளியே. வருகிற பெண்களுக்குச் சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுப்பது, தலைப்பைச் சரி செய்துவிடுவது, படத்தை உறையில் போட்டுக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அப்போது ஊரில் எல்லாரும் கேட்டது ஒரே மாதிரிப் படம்தான், பளபளப்பு. கழுவிய படத்தை ஈரத்தோடு வெள்ளி மாதிரி பளிச்சென்ற ஒரு தகட்டில் ஒட்டிச் சூடு காட்டினால், காய்ந்ததும் பட்டென்று தானாகக் கழன்று வரும். கண்ணாடி மாதிரி மின்னும். வாங்குகிறவர்கள் அதை வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்து, நன்றாக மின்னுகிறது என்று திருப்திப்பட்ட பிறகுதான் தங்கள் முகம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "பித்தளைச் சொம்பு வாங்க வந்தவங்க மாதிரி பார்க்கிறாங்க" என்பார். ஒரு தடவை மெட்ராஸ் போய் வரும்போது விதவிதமான தாள்களின் மாதிரிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். மங்கல் தாள், படம் பழுப்பாக வரும் தாள், இன்னும் என்னென்னவோ. எதையெல்லாம் நம் கடையில் விற்கலாம், நீயே சொல் என்றார்.

நான் பழுப்பைச் சொன்னேன். பார்க்க மரியாதையாக இருந்தது. பழுப்பில் முதல் படம் வாங்கிப் போன மளிகைக் கடைக்காரர் மறுநாளே திரும்பி வந்தார். "ஏம்மா, நேத்து எடுத்த படம்தானே இது? நான் செத்து ரொம்ப நாள் ஆன மாதிரி இருக்குதே" என்றார். அதோடு என் யோசனையைக் கேட்பது நின்றது. மங்கல் தாளில் எடுத்துக் கொடுத்த குடும்பம், வெயிலில் வைத்ததால் வெளுத்துவிட்டதா என்று கேட்டது.

கடைசியில் அவர் கண் ஒரு தாளில் போய் நின்றது. மேலே துணி நெசவு மாதிரி குட்டிக் குட்டியாய்க் கட்டம் அழுத்தியிருக்கும். தடவினால் சொரசொரக்கும். அதற்குப் பெயர் சில்க். மெட்ராஸ் வியாபாரி, "உங்க ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்கு இவர் பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டார். வாசலில் புதுப் பலகையும் தொங்கியது: 'பட்டுத் தாளில் படம் எடுக்கப்படும்'.

மறுநாள் காலையிலேயே பெரியப்பா வந்தார். படம் எடுத்துக்கொள்ள அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து, "மாப்ளே, பட்டு எங்க இருக்குது, காட்டு" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு மாதிரித் தாளை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். திருப்பி முதுகுப் பக்கத்தையும் தேய்த்தார்.

"காகிதம்."

"காகிதம்தான் மாமா. பேருதான் பட்டு."

"நான் ஒரு நூல் புடவையை எடுத்துக்கினு போயி, பேருதான் பட்டுன்னு சொல்லி வித்தா, ஊர்ல சும்மா வுடுவாங்களா?"

"இதை யாரும் உடுத்திக்கப் போறதில்லையே மாமா."

"உடுத்தலைன்னா? பட்டுன்னு எழுதிட்டா பட்டு இருக்கணும். எங்க தெருவுல எல்லாரும் என்னைத்தான் கேட்கிறாங்க, உங்க மாப்ள காகிதத்தைப் பட்டுன்னு விக்கிறாராமேன்னு."

ஒரு மணி நேரம் பேசியும் இரண்டு பேரும் அசையவில்லை. நான் மோர் கொடுத்தேன். மோர் குடித்துக்கொண்டே பெரியப்பா, மெட்ராஸில் இதை என்ன பேர் சொல்லி விற்கிறார்கள் என்று விசாரித்தார். சில்க் என்றார் இவர்.

"அப்போ சில்க்னு எழுதிக்க. அது வேற."

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"அது இங்கிலீஷ்பா. இங்கிலீஷ்ல என்ன வேணா எழுதலாம்."

அன்றைக்குச் சாயங்காலமே பலகையில் பட்டு அழிந்து சில்க் ஆனது. ஊரின் மானம் காப்பாற்றப்பட்டது. தாள் மட்டும் விற்கவில்லை. மாதக்கணக்கில் பெட்டிகள் அப்படியே இருந்தன.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. ஊரில் போன் வைத்திருந்த ஜவுளி முதலாளிகள் எல்லாருக்கும் அவள் குரல் தெரியும். நல்ல தெளிவான குரல். அந்தக் குரலை வைத்து ஆளுக்கு ஒரு முகத்தைக் கற்பனை செய்து வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அம்மை வார்த்ததில் அவள் கன்னத்திலும் நெற்றியிலும் குழிக் குழியாகத் தழும்பு. செவிலிமேட்டில் புதிதாக வீடு கட்டிக் குடி வந்த குடும்பம். அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மகள் சர்க்கார் வேலை. சர்ச் பாஸ்டர் மூலமாக அரக்கோணத்தில் ஒரு ரயில்வே மாப்பிள்ளை அமைகிற மாதிரி இருந்தது. அவர்கள் படம் கேட்டிருந்தார்கள். சைக்கிள் கடை வைத்திருந்த அவள் அண்ணன் கூட வந்திருந்தார்.

படம் எடுத்து முடித்ததும் அண்ணன் என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, "சார், பென்சில் வெச்சு ஏதோ செய்வீங்களாமே" என்றார். பிலிமில் பென்சிலால் தொட்டுத் தொட்டுத் தழும்பை மறைப்பது எல்லா ஸ்டுடியோவிலும் உண்டு. அவள் நாற்காலியில் இருந்தபடியே, "பென்சில் எல்லாம் வேணாம்" என்றாள். தனியே பேசுகிற அளவுக்கு எங்கள் கடை பெரிதில்லை.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பென்சிலே தேவையில்ல சார். என்கிட்ட ஒரு பேப்பர் இருக்குது" என்றார்.

படம் தயாரானதும் இரண்டு தாளிலும் போட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பளபளப்பில் எல்லாம் இருந்தது, கண்ணோரச் சுருக்கம் வரைக்கும். சில்க்கில் அந்தக் கட்டங்களுக்குள் தழும்பு கரைந்துபோய், மெல்லிய திரைக்குப் பின்னால் இருக்கிற மாதிரி ஒரு முகம். நன்றாகத்தான் இருந்தது.

"இதுதான்" என்றார் அண்ணன்.

"இதுதான்" என்றாள் அவள், பளபளப்பைத் தொட்டு. "முகத்தைப் பார்த்துட்டு வரட்டும். வந்துட்டு பார்க்க வேணாம்."

"நீ சும்மா இரும்மா. முதல்ல வரட்டும்."

இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அரக்கோணத்துக்குப் போனது சில்க். கடை வைத்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "பாத்தியா, இந்தப் பேப்பருக்கு ஒரு உபயோகம் இருக்குது" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து அவள் தனியாக வந்தாள், டியூட்டி முடிந்து நேராக. கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். மாப்பிள்ளை படம்.

"அக்கா, இது என்ன பேப்பர்?"

தொட்டுப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, அதே சில்க். உள்ளே பார்த்து அவரைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் படத்தைப் பார்த்ததும் மலர்ந்துபோனார். "பாரு, அரக்கோணத்துலயே இந்தப் பேப்பர் வந்துடுச்சு" என்றார்.

"என் முகத்துல இருக்கிறதை இது மறைச்சுது" என்றாள் அவள். "இவரு முகத்துல எதை மறைக்குதுன்னு சொல்லுங்க சார்."

"எதையாவது மறைக்கணும்னு இல்லைம்மா. இது ஒரு அழகுக்காக…"

"எங்க அண்ணன்கிட்ட அன்னிக்கு அப்படிச் சொல்லலையே நீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சீப்புகளை அடுக்க ஆரம்பித்தேன். தாள் ஒன்றையும் மறைக்காது என்றால் அவள் அண்ணனிடம் சொன்னது பொய். மறைக்கும் என்றால் அரக்கோணத்து மாப்பிள்ளை மேல் பழி. "எங்க பேப்பர்னா சொல்லலாம். இது அவங்க ஊரு பேப்பர்" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையின் பளபளப்புப் படம் வேண்டும், தன்னுடையதும் ஒன்று அனுப்பிவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறாள். வாரம் திரும்புவதற்குள் அவள் அண்ணன் எங்கள் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்தார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் ரொம்ப மனம் நொந்துபோயிருந்தார்.

"உங்களை யாரு சார் ரெண்டு விதமா விக்கச் சொன்னது? ஒரே விதமா வித்தா எங்க வீட்டுல இந்தச் சண்டை வருமா?"

நியாயமான பேச்சு. நானும் அதைத்தான் வேறு காரணத்துக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அவளுடைய படங்கள் இரண்டையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோதுதான் யாரென்று புரிந்தது. படத்தின் பின்னால் இருந்த எங்கள் கடை முத்திரையை வைத்து விசாரித்து வந்திருக்கிறார்.

"இது ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளு, ஒரே பிலிம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எது நிஜம்?"

"ரெண்டும்" என்று அவரும், "பளபளப்பு" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அரக்கோணத்து மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் முகத்தை வெட்கமில்லாமல் துருவிப் பார்த்தேன். ஒரு தழும்பு இல்லை, மச்சம் இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "அப்புறம் ஏன் அந்தப் பேப்பர்ல படம் போட்டீங்க?"

"எங்க ஊர் ஸ்டுடியோக்காரர் இதான் உசத்தின்னாரு. பாவம், தெரியாம நெறைய வாங்கிட்டாரு போலிருக்குது."

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வந்தவர் பளபளப்புப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி என்னிடம் கேட்டார். "அம்மைத் தழும்பு எங்க அக்காவுக்கும் இருக்குது. அது ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு படத்துலயும் கோவமா இருக்காங்களே, எப்பவுமே அப்படித்தானா?"

"மனசுல பட்டதைக் கேட்டுடுவாங்க. உள்ள வெச்சுக்க மாட்டாங்க" என்றேன்.

அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, தனக்கும் பளபளப்பில் ஒரு படம் வேண்டும் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கு போட்டதும் அவர் முகமும் விறைத்துப்போய்க் கோபம் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் படம்தான் செவிலிமேட்டுக்குப் போனது. கல்யாணம் முடிவானது.

சந்தோஷமான விஷயம். எங்களுக்குத்தான் அதில் நஷ்டம். கதை ஊர் முழுக்கப் பரவி, சொரசொரப்பான படம் என்றால் முகத்தில் ஏதோ கோளாறு என்று ஆகிவிட்டது. கல்யாணத் தரகர்கள் படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். தழும்பு இல்லாதவர்கள், இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள் என்று அதை வேண்டாம் என்றார்கள். தழும்பு உள்ளவர்கள், தெரிந்துவிடும் என்று வேண்டாம் என்றார்கள். அவர் கொஞ்ச நாள் அந்தத் தாளில் கோபுரத்தையும் வறண்ட பாலாற்றையும் போட்டு வாசலில் மாட்டினார். கோவில் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் சில பேர், சில்க் என்றதும் தடவிப் பார்த்து மகிழ்ந்து வாங்கிப் போனார்கள். எல்லாம் தீர்ந்த பிறகு பலகையைக் கழற்றிவிட்டுப் பளபளப்பு மட்டும் வைத்துக்கொண்டார். தானாக எடுத்த முடிவு மாதிரி என்னிடம் சொன்னார்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷமோ என்னவோ கழித்து அவர்கள் இரண்டு பேரும் குழந்தையோடு வந்தார்கள். பையன். தவழ்கிற வயது. ஒரு நொடி ஒரு இடத்தில் இருக்கவில்லை. கிலுகிலுப்பை ஆட்டி, கை தட்டி, பூனை மாதிரி கத்தி, என் வீட்டுக்காரர் படாத பாடு பட்டு இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் குழந்தை பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் தலையை ஆட்டிவிட்டதால் இரண்டு மூக்கு, நாலைந்து கண், வாய் நிறையச் சிரிப்பு. அது தவறுதலாகக் காய்கிற படங்களோடு சேர்ந்து மேசைக்கு வந்துவிட்டது.

அவள் அதைத்தான் எடுத்தாள்.

"அது கெட்டுப்போன படம்மா. அதை விக்கிறதில்ல" என்றார் அவர்.

"அதுல உக்காந்திருக்கிறது யாரோ வேற புள்ள மாதிரி இருக்குது சார். எங்க வீட்டுல இருக்கிறது இதுதான்."

"வெளிய போனா கடைப் பேர் கெட்டுடும்."

"பின்னாடி முத்திரை குத்தாம குடுங்க."

மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பழகியிருந்தது. முத்திரை குத்தாமல் அந்தப் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் செவிலிமேட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கொஞ்ச நாளில் செவிலிமேட்டிலிருந்து இன்னொரு அம்மா கைக்குழந்தையோடு வந்தார். "தலை ஆடற மாதிரி எடுப்பீங்களாமே, அந்த மாதிரி ஒண்ணு வேணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அந்த அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, குழந்தைக்குப் பவுடர் எடுத்து வைத்தேன்.